கேமராவுக்கு வைத்த பொட்டு

நிக்கோல் அம்புஜத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் முப்பத்தைந்தாயிரம் ரூபாய். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. அம்புஜம் நடத்திய குலுக்கல் சீட்டு அது. இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம். நாலாவது மாதமே நிக்கோல் பேர் விழுந்தது, முழுசாக ஒரு லட்சம் எடுத்தாள். புது லேப்டாப் வாங்கினாள். தம்பி டேரிலின் டாக்சிக்கு இன்சூரன்ஸ் கட்டினாள். பதின்மூன்று மாதம் ஒரு நாள் தள்ளாமல் தவணை கொடுத்தவள், கடைசி ஏழு மாதம் கொடுக்கவில்லை. கொடுக்க வேலை இல்லை. அம்புஜம் தன் கைக்காசைப் போட்டு மற்றவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்து, சீட்டை முடித்தாள்.

அம்புஜம் யார் என்று ஜோகுபாளையத்தில் விசாரிக்கவே வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இன்றைக்கு நாளொன்றுக்கு எண்ணூறு சப்பாத்தி போடுகிறாள். அல்சூரிலிருந்து ஈஜிபுரா வரைக்கும் பதினோரு பி.ஜி. விடுதிகளில், பெரிய பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் எல்லாம் அவள் சப்பாத்தியைத் தின்றுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் தட்டப் போகிறார்கள். பாங்க் மேனேஜர் அவளைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். தன் கையை ஊன்றித் தானே எழுந்தவர்களுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். அது தப்பும் இல்லை.

அந்தக் கட்டிடத்தில் கீழே அம்புஜம், மாடியில் நிக்கோலும் டேரிலும். நிக்கோலுக்கு ஒன்பது வயதில் பார்வை முழுக்கப் போய்விட்டது. அவளும் தலை நிமிர்ந்த ரகம்தான். பி.ஏ. முடித்து, டைப்பிங் முடித்து, இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போனவள். என்ன வேலை? அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதையெல்லாம் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள். அதைக் கேட்டு எழுத்தாக்கித் தர வேண்டும். இடது காதில் டாக்டர் பேசுவார். வலது காதில், அவள் தட்டுகிற ஒவ்வொரு சொல்லையும் கம்ப்யூட்டர் திருப்பிப் படிக்கும். டாக்டரை நிறுத்தவும் ஓடவிடவும் காலடியில் ஒரு மிதி. இரண்டு காது, பத்து விரல், ஒரு கால், எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. ஒரு டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருவர் நடுவில் நாயை அதட்டுவார். அவர்கள் மென்று முழுங்கியதைக்கூட நிக்கோல் சரியாக எழுதினாள். கண் தெரிந்த பெண்கள் புரியாத இடத்தில் நின்றுபோய், "நிக்கி, இந்த இடத்தை மட்டும் கேளேன்" என்று ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். பதினோரு வருடம் இப்படி ராஜ்ஜியம் நடத்தினாள். ஜோகுபாளையத்தில் எத்தனை பேருக்கு அந்தக் காது இருக்கிறது?

அப்புறம் மெஷின் வந்தது. டாக்டர் பேசப் பேச அதுவே எழுதிவிடும். முதலில், மெஷின் எழுதியதை நீ திருத்து என்றார்கள். சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பூங்கொத்தையும் ஒரு கவரையும் கொடுத்து, அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள்.

ஏழு மாதம் வேலை தேடினாள். நாற்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். முப்பத்துமூன்று வயதில், கையில் தொழில் இருந்தும், புதுப் பையன்களோடு வரிசையில் நிற்கிற மாதிரி. அந்த வரிசையும் கண்ணுள்ளவர்களுக்காகப் போட்ட வரிசை. சில கம்பெனிகளின் பக்கத்தைத் திறந்தால், அவள் லேப்டாப் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். எது அனுப்புகிற பட்டன், எது அழிக்கிற பட்டன் என்று யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சில இடத்தில், நீ மனிதப் பிறவிதானா என்று நிரூபிக்க, சிக்னல் விளக்கு இருக்கிற படத்தையெல்லாம் தொட்டுக் காட்டச் சொல்லும்.

நேரில் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர், "நீங்க டெய்லி ஆபீசுக்கு எப்படி வருவீங்க?" என்று கேட்டார்.

"நீங்க எப்படி சார் வந்தீங்க?" என்றாள் நிக்கோல்.

"மெட்ரோல."

"நானும் அதே மெட்ரோதான். டெய்லி அதுலயே வருவேன்."

அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டாமவர் அவளோடு பேசாமல், கூட வந்த டேரிலிடம், "இவங்க என்ன சம்பளம் எதிர்பார்க்கறாங்க?" என்று கேட்டார். டேரில், "நான் டிரைவர், மேன். அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

வேறு மூன்று கம்பெனிகள் வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை வைத்தன. லேப்டாப்பில் இருக்கிற கேமரா, எழுதுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், காப்பி அடிக்கிறார்களா என்று. நிக்கோல் மூன்றையும் எழுதினாள். மூன்றிலும் பத்தாவது நிமிடத்தில் சட்டென்று எல்லாம் நின்றுபோனது. நெட்டு போய்விட்டது என்று நினைத்தாள். மூன்றாவது தடவை டேரில் பக்கத்திலிருந்து திரையில் எழுதியிருந்ததைப் படித்தான்.

"நீ பதினாலு தடவை ஸ்கிரீனைப் பாக்காம வேற பக்கம் பாத்தியாம் நிக்கி. அதான் தூக்கிட்டான்."

நிக்கோல், "ஒரு தடவைகூட பாக்கலைன்னு சொல்லியிருந்தா ஒத்துக்கலாம்" என்றாள். சிரித்தாள்தான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கேட்கும்போது தலையைச் சாய்ப்பது அவள் பழக்கம். காது எங்கேயோ முகமும் அங்கே. அந்தப் பழக்கத்தில்தான் பதினோரு வருடம் சோறு தின்றாள். இப்போது அதுவே திருட்டுத்தனமாகப் போய்விட்டது.

நாற்பத்திரண்டாவது இடம் ஈஜிபுரா பக்கத்தில் ஒரு இன்சூரன்ஸ் வேலை பார்க்கிற கம்பெனி. ஆஸ்பத்திரி அனுப்புகிற பில்லையும் டாக்டர் குறிப்பையும் வைத்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கிற வேலை. குறிப்பில் இடது முட்டி இருக்கும், பில்லில் வலது முட்டிக்குப் பணம் கேட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் பாஷையைப் பதினோரு வருடம் குடித்தவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இதை விட்டால் இவ்வளவு பொருத்தமாக இன்னொன்று வராது என்று நிக்கோலுக்குத் தெரியும். பரீட்சை செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. முகம் காட்டி, அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டேரில் கூட இருந்து முடித்துக் கொடுத்துவிட்டான்.

இந்தத் தடவை நிக்கோல் ஒரு திட்டம் போட்டாள். கேமரா இருக்கிற இடம் விரலுக்குத் தட்டுப்பட்டால், முகத்தை அதற்கு நேராக நிறுத்திவிடலாம். திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே அம்புஜத்திடம் போனாள்.

"ஆன்ட்டி, ஸ்டிக்கர் பொட்டு இருக்கா? கேமரா இருக்கிற இடத்துல ஒண்ணு ஒட்டிக் குடுங்க. நல்லா தடிப்பா இருக்கணும்."

"எதுக்குடி கேமராவுக்குப் பொட்டு? கண்ணாலமா?"

நிக்கோல் விளக்கினாள். அம்புஜத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. கல் வைத்த பொட்டு ஒன்று எடுத்தாள். லேப்டாப்பின் மேல் விளிம்பில் தேடி, சின்னக் கறுப்பு வட்டத்தைக் கண்டுபிடித்து, அதன் நடு உச்சியில் பொட்டை அழுத்தி ஒட்டினாள். இம்மி நகரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

பிறகு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போட்டோ ஸ்டுடியோக்காரர் மாதிரி அதிகாரம் பண்ணினாள். "இந்தப் பக்கம் கொஞ்சம். ஆங். மோவாக்கட்டையத் தூக்கு. ஜாஸ்தி தூக்காத, எகத்தாளமா கீது. ஆ, அப்படியே இரு." சப்பாத்திக்கு மாவு பிசைய வந்த பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். நிக்கோல் ஒரு மணி நேரம் கழுத்தை அசைக்காமல் பழகினாள்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. பொட்டைத் தொட்டாள், முகத்தை நிறுத்தினாள், ஆரம்பித்தாள். பத்து நிமிடம் போனது. நிற்கவில்லை. இருபது போனது. ஐம்பது நிமிடமும் ஓடி, "உங்கள் தேர்வு முடிந்தது" என்று லேப்டாப் சொன்னபோது நிக்கோலுக்குக் கழுத்து கல்லாக இறுகியிருந்தது. மாடிப்படியில் நின்று, "ஆன்ட்டி! தூக்கலை! முழுசா எழுதிட்டேன்!" என்று கத்தினாள். அம்புஜம் அன்றைக்குச் சப்பாத்தியோடு கேசரியும் கிண்டினாள்.

புதன்கிழமை மத்தியானம் மெயில் வந்தது. அம்புஜத்தின் சமையல் கூடத்தில் உட்கார்ந்தபடியே நிக்கோல் அதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் காதிலிருந்ததை எடுத்து மடியில் வைத்தாள்.

"இன்னாடி? இன்னா போட்டிருக்கான்?"

"கேமராவை வேணும்னே மூடி வச்சுட்டு எழுதினேனாம். ஐம்பது நிமிஷமும் இருட்டாம். மோசடி. ஒரு வருஷத்துக்கு அந்தக் கம்பெனியில அப்ளை பண்ணக் கூடாதாம்." விரலால் லேப்டாப் விளிம்பைத் தடவினாள். பொட்டில் விரல் நின்றது. "ஆன்ட்டி, இதை எங்க ஒட்டினீங்க?"

"கேமராவுலதான். நீதானே சொன்னே?"

"பக்கத்துலயா, மேலயேவா?"

அம்புஜம் குனிந்து பொட்டைப் பார்த்தாள். அடுப்பில் தோசைக்கல் காய்ந்து புகைந்தது. எண்ணூறு சப்பாத்தி போட்டு ஒரு தரம்கூடக் கல்லைக் காயவிடாதவள் அவள். ஒரு நல்ல காரியத்தைப் பிசகில்லாமல் செய்வது மட்டுமே அவளுக்குத் தெரியும். பிசகில்லாமல் செய்ததே பிசகாகிவிட்டது.

"என் கையாலயே உன் பொயப்ப மூடிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தீர்மானமாகச் சொன்னாள். "அந்த முப்பத்தஞ்சாயிரம் பேச்சு இனிமே கிடையாது. நான் தள்ளிட்டேன். ஆயிது, முடிஞ்சிது."

மெயில் வந்தபோது அசையாத நிக்கோல், இதற்கு எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரைக் கேட்டுத் தள்ளினீங்க?"

"என் காசு, நான் தள்றேன். உனுக்கு இன்னா?"

"வாங்கினது நான். குடுக்க வேண்டியதும் நான். கோவிந்தராஜன் அங்கிள் ரெண்டு மாசம் கட்டலைன்னு அவர் வாசல்ல நின்னு ரோடே கேக்கற மாதிரி கத்தினீங்களே, அவருக்குத் தள்ளினீங்களா?"

"அவனும் நீயும் ஒண்ணாடி? அவன் கை காலு நல்லா இருந்தும்..." என்று ஆரம்பித்தவள், நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஏழு மாசமா எங்கிட்ட ஒரு நாள் கேக்கலை நீங்க" என்றாள் நிக்கோல். "ஒரு நாள் வந்து கத்தியிருக்கலாம் ஆன்ட்டி. மத்தவங்க கிட்ட கத்தற மாதிரி. அந்த மரியாதைகூட எனக்கு வேணாமா?"

அம்புஜம் அடுப்பை அணைத்தாள். அம்பத்தெட்டு வயதில், அவளை யாரும் இப்படி நிறுத்தியதில்லை.

மெயிலுக்குப் பதில் அனுப்பினால், இந்த முகவரியை யாரும் பார்ப்பதில்லை என்று திரும்பி வந்தது. போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சுற்றிச் சுற்றி அலையவிட்டது. வியாழக்கிழமை காலை நிக்கோல் குச்சியையும் பையையும் எடுத்துக்கொண்டு, நேரிலேயே போய்விடுவது என்று கிளம்பினாள். வாசலில் அம்புஜம் பட்டுப்புடவையில் நின்றிருந்தாள்.

"நீங்க எங்க?"

"தப்பு பண்ணவ நானு. சாட்சி சொல்ல நான் வராம?"

"வாங்க. ஆனா அங்க போய் 'பாவம் கண்ணு தெரியாத பொண்ணு'ன்னு ஆரம்பிச்சா, அங்கயே விட்டுட்டு வந்துருவேன்."

"அய்யே, நான் இன்னாத்துக்குடி சொல்றேன்?" என்றாள். ஆனால் ஆட்டோவில் போகும்போது அதை விட்டால் வேறு என்ன சொல்வது என்று மனசுக்குள் தேடிக்கொண்டே வந்தாள்.

கம்பெனியில் கீழே காத்திருந்தவர்களைப் பார்க்க இறங்கி வந்தவள் கிருத்திகா. ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறாள். சேலத்துக்காரி, ஊரைவிட்டு வந்து மூன்று வருடம். நிக்கோல் என்ற பெயரைக் கேட்டதுமே குரலை இறுக்கிக்கொண்டாள்.

"சாரிங்க, கேமராவை மூடின கேஸ்ல நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அம்புஜம் கைப்பையைத் திறந்து, பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். இருபது பொட்டில் ஒன்று குறைந்திருந்தது. "இதோ பாரும்மா. அந்தக் கேமராவ மூடினது நானு. இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. தடவிப் பாத்து மூஞ்சிய நேரா வச்சிக்க ஒரு அடையாளம் கேட்டா. நான் கரெக்டா அதுங் கண்ணுலயே குத்திட்டேன். மூணாங்கிளாஸ்தான் படிச்சேன், ஆனா திருட்டுத்தனம் எனுக்குத் தெரியாது. உங்க ஆபீசு புள்ளைங்க பாதி பேரு என் சப்பாத்தி துன்றவங்கதான், கேட்டுப் பாரு."

கிருத்திகாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு நிக்கோலின் கையிலிருந்த வெள்ளைக் குச்சியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்ளிகேஷன்ல சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னேன். மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன். யாரும் படிக்கலை."

கிருத்திகா மடிக்கணினியைத் திறந்து தேடினாள். இருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "முகம் திரும்பினா அதுவே நிறுத்திடுமுங்க. இருட்டா இருந்தா நிறுத்தாது, குறிச்சு வச்சு எங்களுக்கு அனுப்பும். உங்களுது ஐம்பதுக்கு நாற்பத்தாறு மார்க்கு. முந்நூறு பேர்ல நீங்கதான் முதல். முதல் மார்க்கு, கேமராவும் இருட்டு... அதான் நாங்க ஏமாத்துன்னு முடிவே பண்ணிட்டோம்."

நாற்பத்தாறு என்ற சொல் காதில் விழுந்ததும் அம்புஜம் நிக்கோலின் முழங்கையைக் கிள்ளினாள். நிக்கோல் அசையவில்லை.

"எனக்கு அந்த மார்க்கு வேணாங்க. வேற கேள்வித்தாள் குடுங்க. இங்கயே எழுதறேன். கேமரா பாக்க வேணாம். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

கிருத்திகா கொஞ்சம் யோசித்தாள். மேலே யாருக்கோ போன் போட்டாள். "வாங்க" என்றாள்.

சின்ன அறை. நிக்கோல் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, விரல்களைப் போட்டாள்.

"ஆன் ஆகலைங்களே? ஸ்கிரீன் கறுப்பா இருக்கு."

"ஆன்லதான் இருக்கு. ஸ்கிரீனை அணைச்சு வச்சிருக்கேன், பேட்டரி மிச்சம்." ஒரு காதிலிருந்ததைக் கழற்றி நீட்டினாள். "இந்தாங்க, நீங்களும் கேளுங்க."

கிருத்திகா வாங்கிக் காதில் வைத்தாள். கடுகு வெடிக்கிற மாதிரி சடசடவென்று ஏதோ ஓடியது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "இது இங்கிலீஷா?"

"இங்கிலீஷ்தான். உங்களுக்காகக் கொஞ்சம் மெதுவா வச்சிருக்கேன்."

ஒரே லேப்டாப், ஆளுக்கு ஒரு காது, இரண்டு பெண்களும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். நிக்கோல் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இப்போது யாரும் தடுக்கவில்லை. பதினேழாவது கேள்வியில் ஒரு நோயாளிக்குக் குடல்வால் எடுத்ததாக பில் இருந்தது. நாலு பக்கம் தள்ளி, டாக்டர் குறிப்பில், அதே ஆளுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே குடல்வால் எடுத்தாகிவிட்டது என்று ஒரு வரி ஒளிந்திருந்தது. கண்ணால் படிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நிக்கோலுக்கு ஒவ்வொரு வரியும் காது வழியாகத்தான் போயாக வேண்டும். டக்கென்று நிறுத்தினாள், குறித்தாள், அடுத்ததற்குப் போனாள். கிருத்திகா அந்த வரியைத் தன் கணினியில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று கேள்வி முடிந்திருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்புஜம் ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செக்யூரிட்டியிடம் தன் எண்ணூறு சப்பாத்திக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

நாற்பத்தெட்டு.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. பதினொரு நாள் கழித்துத்தான் கடிதம் வந்தது. மூன்று மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம், சம்பளம் முப்பத்தோராயிரம். முதல் வாரத்தில், அவள் எழுதவேண்டிய பக்கத்திலேயே பெயர் இல்லாத பட்டன்கள் ஏழு இருப்பதாகச் சொன்னாள். நாலுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தார்கள். மீதி மூன்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். கிருத்திகா மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளைத் தேடி வருவாள். கேமரா இருட்டாகப் போன பழைய பரீட்சைகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றின் மூன்றாவது பக்கத்தையும் படித்துப் பார்ப்பதாக ஒரு நாள் சொன்னாள். மூன்றாம் மாதம் முடிந்தது. நிரந்தரம் ஆனது.

ஆனால் இந்தக் கடனை அடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் சம்பளத்தில் நிக்கோல் ஏழாயிரத்தைப் போனிலேயே அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் அது திரும்பி வந்தது. பணம் திருப்பி அனுப்ப அம்புஜத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. கையில் கொண்டுபோனால், "பாரு, கையெல்லாம் மாவு" என்பாள். அடுத்த மாதம் போனால் கையெல்லாம் எண்ணெய். அதற்கடுத்த மாதம், "சாமி கும்புட்டுக்கினு கீறேன், இப்ப காசு வாங்கக் கூடாது." நிக்கோல் வாதாடவில்லை. மாதம் ஏழாயிரம் தனியாக எடுத்து வைத்தாள். ஐந்தாவது சம்பளத்தோடு கணக்கு முழுசானது. பாங்க் கவுன்டரில் போய், எல்லாம் ஐந்நூறாக வாங்கிக்கொண்டாள். நோட்டின் நீளத்தை விரல் இடுக்கில் அளந்து, வீட்டில் இரண்டு தரம் எண்ணினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்புஜத்தின் சமையல் கூடத்துக்குள் நுழைந்தாள்.

"வா நிக்கி. பாரு, கையெல்லாம்..."

"மாவு. தெரியும் ஆன்ட்டி."

நிக்கோல் சுவரோரமாக நடந்து போய்க் குழாயைத் திறந்து, ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்தாள். மாவு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்புஜத்தின் குரல் வந்த திசையில் வந்து நின்று, "குடுங்க" என்றாள்.

"எதுக்குடி..."

"கைய குடுங்க ஆன்ட்டி."

அம்புஜம் கொடுத்தாள். நிக்கோல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். ரேகைக்குள் போயிருந்த மாவைக் கட்டைவிரலால் தேய்த்துக் கழுவினாள். நாற்பது வருடம் கல்லில் வெந்த கை. உள்ளங்கை செருப்புத்தோல் மாதிரி இருந்தது. தன் துப்பட்டாவால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அம்புஜம் விரல்களை மடக்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளை பிடிவாதம்.

"எனுக்கு வேணான்டி. சொன்னா கேளு. நான் பண்ண பாவத்துக்கு..."

"நீங்க பொட்டு வச்சதாலதான் அவங்க என்னை நேர்ல பாத்தாங்க. அதுக்கு வேற கணக்கு. இது சீட்டுக் காசு."

நிக்கோல் அவசரப்படவில்லை. அந்தக் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு விரல் தளர்ந்தது. அடுத்தது தளர்ந்தது. உள்ளங்கை முழுக்கத் திறந்துகொண்டது. அம்புஜம் மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, எண்ணு" என்றாள், கரகரத்த குரலில். "சத்தமா எண்ணு. ஒரு நோட்டு கொறஞ்சாலும் உன் வாசல்ல வந்து நின்னு கத்துவேன்."

நிக்கோலின் முகம் அப்படியே மலர்ந்தது. முதல் நோட்டை எடுத்து, நீளத்தை விரலில் அளந்து, அந்தக் கையில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு."

எழுபது வரைக்கும் எண்ணி வைத்தாள்.